தங்கராஜ் அண்ணன் லொறியில் பொருத்திய படுக்கை

மெக்கானிக் தங்கராஜ் அண்ணன் இறந்த செய்தி, மாற்றலாகிப் பசறைக்கு வந்துவிட்ட எனக்கு மத்தியானம் தொலைபேசியில் வந்தது. நெஞ்சுவலியாம். தோட்டத்து லொறியின் வெறும் பலகையில் கிடத்திப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏன் என்று தோட்டத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும்.

நான் அந்தத் தோட்டத்தில் மருத்துவிச்சியாக, எல்லோருக்கும் ‘மிஸ்ஸி’யாக இருந்தபோது, கொழும்பிலிருந்து வந்த கம்பெனி டைரக்டரின் புதுக் கார் எண்ணெய் ஒழுகி நின்றது. அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஒழுகிய கறுப்பு எண்ணெயைத் தகர மூடியில் பிடித்து, அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்தார். எண்ணெய் களிபோல் இறுகியது. காந்தத்தை எடுத்ததும் மறுபடி ஓடியது.

“இரும்புத் தூள் கலந்த எண்ணெய் மிஸ்ஸி. குலுக்கலைத் தாங்குற ஷொக் அப்சோபருக்குள்ள கம்பிச்சுருள் இருக்கு. அதுல கரண்ட் பாஞ்சா தூளெல்லாம் சங்கிலியா சேந்து எண்ணெயை இறுக்கிடும். சக்கரம் பள்ளத்துல இறங்குறப்பவே எவ்வளவு இறுகணும்னு கம்பியூட்டர் முடிவு பண்ணிடும். உள்ள இருக்கிறவருக்குக் குலுக்கலே தெரியாது.”

முந்தின வாரம்தான் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை லொறியில் கொண்டுபோனோம். குலுக்கலில் பிள்ளை தங்கவில்லை.

“அதே ரோட்டுலதான இந்தக் காரும் வந்துச்சு?” என்றார் அண்ணன்.

இரண்டு வாரத்தில், கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள்களின் ஷொக் அப்சோபர் நான்கை ஒரு படுக்கைக்கு அடியில் பொருத்தி லொறியில் ஏற்றினார். “காந்த எண்ணெயெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது மிஸ்ஸி. சாதா எண்ணெயே போதும்.” போதுமாகத்தான் இருந்தது. வலியெடுத்த பெண்கள் அதில் படுத்துக்கொண்டே என்னோடு பேசி வந்தார்கள்.

தேயிலைக் கொழுந்து மூட்டைக்கு இடம் போதவில்லை என்று தோட்டத்தை நடத்தும் துரை அதைக் கழற்றச் சொன்னார். அண்ணன் ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“மூட்டைய ரெண்டு நடையா ஏத்தலாங்க. புள்ளத்தாச்சிய எப்படிங்க ரெண்டு நடையா ஏத்துறது?”

துரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “நீ கழட்டலைன்னா வேற ஆள் கழட்டுவான்.”

அன்று மாலையே கழற்றினார்கள். ஆபீசில் நான் வாயே திறக்கவில்லை. என் கோபத்தில் பாதி என் மேல்தான்.

சாவு வீட்டுக்குத் துரை மலர்வளையம் அனுப்பியிருந்தார். அண்ணனின் மனைவி பேச்சியம்மா அதைக் கையால் தொடவில்லை. “கொண்டு போங்க. அவரு கேட்டது இது இல்ல.”

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தீர்கள். நான் பார்த்த தங்கராஜ் அண்ணனுக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.