டிராகனுக்கும் புலிக்கும் நடுவே வந்த அழைப்பு

அன்று பின்னேரம் என் கணவருக்கு மகள் தொலைபேசி எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அவருக்கு அது தெரியாது. வெள்ளைக்காரப் பொடியனோடு லியோன் நகரில் வாழப் போனவளை, "இனி இந்த வாசல் மிதிக்காதை" என்று அனுப்பியவர் அவர்தான். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரு சொல் பேசவில்லை. நான் மட்டும் களவாகப் பேசுவேன். கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். இவரிடம் முதலே சொன்னால் வீம்புக்குத் தொலைபேசியை அணைத்துவிடுவார் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ரூ பெர்தொனே தெருவில் நான் சமைக்கும் சாப்பாட்டுக் கடையின் பின் மேசை அவருடைய இடம். முந்தி ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலைக்கு நின்றவர். முதுகு நோவால் அந்த வேலை போன பிறகு, நான் வேலை முடித்து இருவரும் கார்ஜில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறும்வரை அங்கேயே இருப்பார். கதிரையில் இருக்கவே முடியவில்லை என்று டொக்டரிடம் சொல்கிற மனிதர், அந்த மேசையில் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையமாட்டார். கைத்தொலைபேசிக்குள் ஒரு பெண் சீட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள். எங்கோ வேறு நாட்டில் உண்மையான மேசையின் முன் நிற்கும் உண்மையான பெண். இந்த நாட்டில் இணையக் கசினோவுக்கு அனுமதி இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

அழைப்பு வரும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று, இடைவேளையில் போய் அருகில் உட்கார்ந்தேன்.

"இஞ்சேருங்கோ, இதை எனக்கும் சொல்லித் தாங்கோவன்."

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"இதிலை பெரிய வித்தை ஒண்டும் இல்லை. இது டிராகன், இது புலி. ரண்டுக்கும் ஒவ்வொரு காட்ஸ்தான் விழும். எது பெரிசோ அது வெல்லும். கிங்தான் பெரிசு, ஏஸ் கடைசி. இந்த மணிக்கூடு ஓடி முடியிறதுக்குள்ளை ஒரு பக்கம் வைக்கவேணும். பிறகு கை வைக்கேலாது."

"ரண்டும் ஒண்டா விழுந்தால்?"

"வைச்சதிலை பாதி போகும். சமனுக்கும் ஒரு பெட்டி இருக்கு, கனக்கத் தருவாங்கள். ஆனா அதிலை வையாதையும். ஆளை விழுத்திற பெட்டி அது."

அவர் எப்போதும் புலிப் பக்கமே வைப்பார். ஏன் என்று எங்கள் ஆட்களிடம் கேட்கத் தேவையில்லை. நான் டிராகனைக் காட்டியபோது, "நீர் எண்டைக்கு என்ரை பக்கம் நிண்டனீர்?" என்று சிரித்தார். கடையில் சனத்துக்குப் பொறுமையாகத் தொலைபேசி பழக்கிக் கொடுத்த அந்தப் பழைய மனிதர் திரும்பி வந்திருந்தார். இப்படிப் பேசி எவ்வளவு காலம்! எனக்கு அழுகை வந்தது. ஆசையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

டிராகனுக்கு ஒன்பது விழுந்தது. புலிச் சீட்டைத் திருப்ப அந்தப் பெண் கையை வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையை மறைத்துக்கொண்டு அழைப்பு வந்தது. அவருடைய பெருவிரல் சிவப்புப் பொத்தானை அமத்தியது. ஆட்ட நேரத்தில் யார் எடுத்தாலும் அந்த விரல் அப்படித்தான் செய்யும். 'என்ரை குட்டி' என்று அவர் பதிந்து வைத்திருந்ததை நான் வாசித்துவிட்டேன். அவர் வாசிக்கவில்லை.

புலிக்குக் கிங் விழுந்தது.

"பாத்தீரே!" என்றார்.

"இப்ப எடுத்தது பிள்ளை" என்றேன்.

அவர் தொலைபேசியைத் தடவித் தடவிப் பார்த்தார். பெயரைக் கண்டதும் நிறம் மாறிப்போனார். திருப்பி எடுக்கச் சொல்லி நான் அவசரப்படுத்தினேன். அதற்குள் என் தொலைபேசிக்கு அவளிடமிருந்து பிரெஞ்சில் செய்தி வந்துவிட்டது. அப்பா வெட்டிவிட்டார், அதுதான் அவருடைய பதில், இனி என்னைக் கேட்காதே என்று எழுதியிருந்தாள்.

"நான் அவளுக்குச் சொல்லுறன். விளையாடிக்கொண்டு இருந்தவர், ஆரெண்டு பாக்காமல் வெட்டிப்போட்டார் எண்டு."

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"வேண்டாம். கோவத்திலை வெட்டினன் எண்டே நினைக்கட்டும். அப்பன் கோவக்காரன் எண்டு அவளுக்குத் தெரியும். இது தெரிய வேண்டாம்."

மகள் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.