ஆறாவது இறுதியாட்டம்

சாலமன் தீவுகளின் மரோவோ காயலில் எங்கள் பள்ளிக் கால்பந்து அணிக்கு நான் கேப்டன். கோல் அடிப்பவள் ரெல்மா. நடக்கப் பழகியதிலிருந்தே அவளுக்குப் பந்துதான். பந்து கிடைக்காத நாளில் பச்சைப் பம்பளிமாஸை உதைத்தே இரண்டு கால்நகங்களை இழந்தவள். ஐந்து வருடமும் எங்களை இறுதியாட்டம்வரை கொண்டுவந்தவள் அவள்தான். ஆனால் இறுதியாட்டம் எப்போதும் சனிக்கிழமை. அவள் குடும்பம் போகும் சபைக்கு அதுதான் கர்த்தரின் ஓய்வுநாள். அடுப்புகூடப் பற்றவைக்க மாட்டார்கள். அவள் இல்லாமல் ஐந்து முறையும் தோற்றோம். திரும்பி வந்தால் படகுத்துறையில் நின்று திட்டுவாள்.

“பதினோரு பேர் போயும் ஒரு கோல் போட வக்கில்ல!”

“உன் சாமி ஒரு நாள் கண்ண மூடிக்க மாட்டாரா?” என்று நானும் எரிந்து விழுவேன்.

இது கடைசி வருடம், ஆட்டமும் எங்கள் ஊரிலேயே. சனிக்கிழமை பெய்த மழையில் மைதானம் குளமாகிவிட, ஆட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றினார்கள். எதிரணிக் கத்தோலிக்கப் பெண்கள் விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டு வந்துவிட்டார்கள். ரெல்மா ஏழு மணிக்கே பூட்ஸ் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றாள். அணியில் நான் உட்பட மற்ற எல்லாரும் ஐக்கிய சபை; எங்களுக்கு ஓய்வுநாள் ஞாயிறு. அன்று பந்தைத் தொட்டால் என் அப்பா வீட்டில் சேர்க்க மாட்டார்.

பத்து மணிக்கு அவள் சர்ச் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“வாங்கடி! கோப்பையத் தூக்கி அவங்க கையில குடுக்கப் போறாங்க!”

“ஞாயித்துக்கிழமைடி,” என்றேன்.

“ஏன், உன் சாமி ஒரு நாள் கண்ண மூடிக்க மாட்டாரா?”

போதகர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தியது நான்தான். அன்று அவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆராதனை முடியும்வரை சர்ச் சுவரில் பந்து வந்து மோதிக்கொண்டே இருந்தது.