சரோஜாவைத் திருப்பி அழைத்து வந்தேன்

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் புத்தூர் அங்கேயே இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. அந்தக் கோடையில்தான், திருப்பதியில் என்னோடு டீச்சராக இருந்த சரோஜாவும் நானும் உதவித்தொகை கிடைத்து ஜெர்மனிக்குப் படிக்கப் போனோம். லீவு நாட்களில் ரயிலேறி ஊர் ஊராகச் சுற்றினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

படிப்பு முடியும் சமயத்தில் பேராசிரியை அவளை மட்டும் கூப்பிட்டு, இன்னும் இரண்டு வருடம் தங்கிப் படிக்க இடம் தருவதாகச் சொன்னார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, "நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டாள்.

"நம்ம ஊரு எந்தப் பக்கம் போவுமோ தெரியல. இந்த நேரத்துல நைனாவை ஒண்டியா உட்டுட்டு இங்க படிச்சிக்கினு இருப்பியா? அவரு தாங்க மாட்டாருடி."

கையில் மிச்சமிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டாள். மறுநாள் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

புத்தூர் ஸ்டேஷனுக்கு அவள் அப்பா வந்திருந்தார். பேச்சுவாக்கில் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா வந்துட்ட? நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

சரோஜா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியொரு வாய்ப்பு அவளுக்கு மறுபடி வரவே இல்லை.

அவள் நைனாவின் மனசு எனக்கு என்ன தெரியும்? தனியாகக் கப்பலேறித் திரும்ப எனக்குத்தான் பயம். அதைச் சொல்லியிருந்தால் சரோஜா சிரித்திருப்பாள், தங்கியும் இருப்பாள்.