லாச்சப்பலில் எழுத்தாளருக்கு வழி சொன்ன பாவத்துக்கு

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு எங்கே என்ன வாய்ப்பு இருக்கிறது என்று தேடிச் சொல்வது ஒருவருக்கும் தீங்கில்லாத வேலை என்று நம்பித்தான் நான் இதில் இறங்கினேன். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை, பின்னேரத்தில் இந்தத் தாள். மாதம் ஒருமுறை, இரண்டு பக்கம். எந்தச் சஞ்சிகை கதை கேட்கிறது, எந்தப் போட்டிக்கு எப்போது கடைசி நாள், யாருடைய நூல் வெளியீடு எந்த மண்டபத்தில், யாருக்கு அஞ்சலி என்று எல்லாம் அதில் இருக்கும். அச்சடித்து, இந்தப் பிரெஞ்சு நகரத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்போம். வாட்ஸ்அப்பிலும் அனுப்புவோம். ஆறு வருடமாகிறது. கோயில் மலர், ஊர்ச்சங்க இதழ், பழைய மாணவர் மடல் என்று எதையாவது தொகுக்கப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டவர்களே, நான் பட்டது உங்களுக்குத்தான் விளங்கும்.

உயிருள்ளவருக்கு அஞ்சலி

குலசிங்கம் அண்ணை ஒரு ரெஸ்தோரன்றில் கோப்பை கழுவுகிறவர். இருபது வருடமாக எழுதிய கதைகளைச் சேர்த்து முதல் புத்தகம் போட்டார். வெளியீட்டுச் செய்தியும் படமும் எனக்கு வந்த அதே கிழமையில் வேறொரு பெரியவரின் மரணச் செய்தியும் வந்தது. இரண்டு பேருக்கும் மூக்குக்கண்ணாடி, இரண்டு பேருக்கும் நரைத்த மீசை. நான் படத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். "எம்மை ஆறாத்துயரில் ஆழ்த்திச் சென்ற" என்ற வரிக்கு மேலே குலசிங்கம் அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என் கைபேசி அடித்து ஓயவில்லை. ரொறன்ரோவிலிருந்து இரங்கல் கவிதை. ஒஸ்லோவிலிருந்து நினைவுக் கட்டுரை. ஊரில் அவருடைய அக்கா மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பினார்களாம். வேலையைப் பாதியில் விட்டு அவரைத் தேடி ஓடினேன். மெத்ரோப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒன்று விழும் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, உயிரோட இருக்கேக்க என்ர கதையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதேல்லை. இப்ப பதினாலு பேர் எழுதியிருக்கினம். திருத்தம் போடுறதெண்டால் போடுங்கோ, ஆனால் அவசரமில்லை, ஆறுதலாய்ப் போடுங்கோ."

இளம் எழுத்தாளர் பட்டறை

வயது எல்லையைக் குறிப்பிட மறந்தது என் பிழைதான். பட்டறைக்குப் பதிவு செய்த பன்னிரண்டு பேருக்கும் கதிரை போட்டுக் காத்திருந்தோம். முதலில் வந்தவர் ஸ்தேனிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஊன்றுகோலோடு, புதுக் கொப்பியோடு வந்தார். பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாராக்கும் என்று நினைத்து, "பிள்ளை எங்கை ஐயா?" என்று கேட்டேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பேனையைத் திறந்தார்.

"பிள்ளை நான்தான். ஆளுக்கு எழுபத்தொண்டு, எழுத்துக்கு மூண்டு மாதம்."

ஐயாவின் கடல் கடந்த பயணம்

வருடம் ஒருமுறை புதியவர்களின் கதைகளைத் தொகுத்துச் சிறிய புத்தகமாகப் போடுவோம். அந்த முறை பிழை திருத்தித் தர கார்த்திக் என்ற தம்பி தானாக முன்வந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. நல்ல மனம், நல்ல வேகம். மூன்றே நாளில் திருப்பித் தந்தார். "அக்கா, சிவமலர் மேடம் கதையில மட்டும் எக்கச்சக்க ஸ்பெல்லிங் மிஸ்டேக். எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றார். நான் டென்ஷன் ஆகவில்லை. திறந்தும் பார்க்கவில்லை. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சிவமலர் அக்கா சார்செலில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். கதை, சாவகச்சேரிச் சந்தையில் மாம்பழம் விற்ற அவருடைய ஐயாவைப் பற்றியது. வெளியீட்டன்று மேடையேறி, புத்தகத்தைத் திறந்து, ஐயா வாய் திறக்கும் இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். "என்னம்மா கண்ணு, சாப்டியா? நான் சந்தைக்குப் போயிட்டு வந்துர்றேன்." அக்கா நிறுத்தினார். பக்கத்தைப் புரட்டினார். முன் அட்டையைத் திருப்பித் தன் பெயர்தானா என்று பார்த்தார். திரும்பவும் அந்த வரிக்கு வந்தார். அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று சபைக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் கார்த்திக் பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார்.

"தம்பி, எங்கட ஐயா கொடிகாமத்துக்கு அங்கால போகாத மனுசன். ஆரைக் கேட்டு அவரை மெட்ராசுக்குக் கொண்டுபோனனீர்?"

ஒன்பதாம் இலக்கக் கதை

எங்கள் சிறுகதைப் போட்டியில் கதைகளுக்கு இலக்கம் மட்டும்தான், எழுதியவர் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். நடுவர் மகேந்திரன் மாஸ்டர், கார்ஜ் என்ற புறநகரில் தமிழ் படிப்பிப்பவர். அந்த வருடம் ஒன்பதாம் இலக்கக் கதைக்கே முதல் பரிசு என்று ஒரே பிடியாக நின்றார். ஒரு மனைவியைப் பற்றிய கதை. கணவன் அடிப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் சொல்லும் எதற்கும் பதில் சொல்வதுமில்லை. அவள் எழுதிவைத்த கொப்பியை ஒருநாள் பழைய பேப்பரோடு கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தேத்தண்ணி கேட்கிறான். அவ்வளவுதான் கதை.

பரிசளிப்பில் மாஸ்டரே அதை வாசித்தார். கொப்பி குப்பைக்குப் போகும் இடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதில வாற புருசன் மனுசனே இல்லை. அவன் இந்த மண்டபத்தில இருந்தால் எழும்பி நிண்டு மன்னிப்புக் கேக்கவேணும்" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. நான் உறையைப் பிரித்தேன். வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன், உண்மையாக. ஆனால் வாய் முந்திக்கொண்டது: "திலகவதி மகேந்திரன்."

மண்டபத்தின் பின்பக்கம் வடைத் தட்டோடு நின்றவர் அதைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நடுவழியால் நடந்து வந்தார். ஒருவரும் தட்டவில்லை. மாஸ்டர் ஒலிவாங்கிக்கு முன்னால், கையில் அந்தத் தாள்களோடு, அப்படியே நின்றார். திலகவதி அக்கா மேடையேறி அவர் முகத்தைப் பார்த்து, சண்டை பிடிக்கிற குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்:

"எழும்பி நிக்கிறியள்தானே. மிச்சத்தையும் சொல்லுங்கோ."

கடற்கரை வீடு

மாஸ்டர் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டார். ஒலிவாங்கியை நிறுத்திவிட்டுக் கேட்டதால் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. திலகவதி அக்கா இப்போது எங்கள் நடுவர் குழுவில் இருக்கிறார்.

இனி கௌசல்யா. விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. போகும் வழியில் ரெயிலில் நின்றபடி கைபேசியில் கதை எழுதுவாள். ஒரு மாதம் தாளின் மூலையில் நாலு வரி இடம் மிஞ்சியது. அதை நிரப்ப ஓர் அயர்லாந்து அறிவிப்பைப் போட்டேன். அங்கே கடற்கரையில் ஒரு வீட்டில், அந்நாட்டுப் புது எழுத்தாளர்கள் சிலர் ஒரு மாதம் தங்கி எழுதலாம். தன் தாய்மொழியில் எழுதும் வெளிநாட்டவர் ஒருவருக்கும் இடம் உண்டு. நம்மில் யார் போகப்போகிறார்கள் என்று நினைத்தே போட்டேன். கௌசல்யா மகளைக் கொண்டு ஒரு கதையை மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறாள். "தெரிவாகிவிட்டீர்கள்" என்ற கடிதத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, நான் அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, ஏமாற்றுக்காரர்களாக இருக்கும், கவனம் என்றேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிறகு பப்பியே என்று ஆவணங்களுக்கு அலைச்சல். அகதிப் பயணப் புத்தகத்துக்கு அயர்லாந்து தனி விசா கேட்டது. புறப்பட நாலு நாள் இருக்கும்போதுதான் அது வந்தது. அவளுடைய முதலாளி, பத்ரோன், சம்பளமில்லாத விடுமுறை கொடுத்தார், திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்று வாக்குக் கொடுக்காமல்.

திரும்பி வந்ததும் லாச்சப்பல் தேநீர்க்கடையில் பிடித்துக்கொண்டேன். முதல் பக்கம் முழுவதையும் அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். "எத்தனை கதை?" என்றேன். ஒன்றுமில்லை என்றாள். முதல் பதினைந்து நாளும் அவள் அறைக்கதவு திறக்கவே இல்லையாம். அந்த ஐரிஷ் பிள்ளைகள் பயந்து, மரியாதையோடு வாசலில் சூப் வைத்துவிட்டு, "சத்தம் போடாதீர்கள், எழுதுகிறார்" என்று கதவில் எழுதி ஒட்டினார்களாம். "உள்ளுக்கு இருந்து என்னதான் செய்தனீ?" என்று கேட்டேன். அவள் கூச்சப்படாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"நித்திரை கொண்டனான் அக்கா. பதினெட்டு வருசத்தில முதல் தரம் அலாரம் வைக்காமல் படுத்தனான். கதை இனித்தான் வரும்."

ஆறு வருடத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: எழுத்தாளருக்கு வாய்ப்புக் கிடைக்காவிட்டால் அதிர்ச்சி அவருக்கு மட்டும், கிடைத்துவிட்டால் நம் எல்லோருக்கும்.