ஐம்பதைத் தாண்டாத ஊசி

தென்காசியிலிருந்து மதுரைக்கு என் மனைவி பேருந்தில் போனாள். அதே நாளில், அதே வீட்டுக்கு, நான் ஜீப்பில் போனேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. மகள் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது, குளித்து, சேலை மாற்றி, காபியும் குடித்துவிட்டு என் மனைவிதான் வந்து கதவைத் திறந்தாள்.

"வாங்க. வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

வழியில் இன்னொரு மரியாதையும் நடந்திருந்தது. கடையநல்லூர் தாண்டியதும் அந்தப் பேருந்து என்னை முந்தியது. படியில் நின்ற நடத்துனர் என் வண்டியின் அலறலைக் கேட்டுவிட்டு வெளியே தலையை நீட்டினார். "அண்ணாச்சி, கயிறு இருக்கு. கெட்டி இழுத்துட்டுப் போவமா?" உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜன்னலோரத்தில் ஓர் அம்மையார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் தெளிவாகப் பார்த்தேன். அந்த அம்மையாருக்குத் தாலி கட்டியவன் நான்.

வேலையில் இருந்த காலமெல்லாம் வாகனப் பதிவு அலுவலகங்களில் அடுத்தவர்கள் வாங்கிய வண்டிகளுக்கு எண் கொடுத்தவன். ஓய்வு பெற்றதும் எனக்கு நானே ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. செங்கோட்டைக்கு அப்பால் மலையில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் இருந்தது. அதன் காகிதங்களை நானே மூன்று தரம் சரிபார்த்தேன். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. காகிதம் சத்தம் போடாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வாங்கியதற்குக் காரணம் இருந்தது. அவள் தென்காசியில் கணக்கு டீச்சர். நான் ஊர் ஊராக மாற்றலில் போனவன். சம்பாதித்த காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் குடும்பம் நடத்தினோம். திங்கட்கிழமைக்கான இட்லி மாவையும் விடைத்தாள் கட்டையும் கழித்தால் அந்த ஞாயிறிலும் பேசுவதற்கு அதிகம் மிஞ்சாது. இனி ஒரே வண்டியில், பக்கத்துப் பக்கத்தில், பேசிக்கொண்டே போகலாம் என்பது என் திட்டம்.

மகள் வீட்டுக்குப் போன முதல் பயணத்திலேயே திட்டம் கெட்டது. நாற்பத்தைந்தில் ஜீப் முனகியது. ஐம்பதில் ஊளையிட்டது. அதற்கு மேல் போனால் முன்கண்ணாடியும் சேர்ந்துகொண்டது. அவள் கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மீட்டர் ஊசி ஐம்பதைத் தாண்டக்கூடாது என்று அன்றே விதி போட்டாள். புளியங்குடியில் அவள் ஏதோ சொன்னாள். நான் தலையாட்டினேன். மறுபடி சொன்னாள். மறுபடி ஆட்டினேன். வாசுதேவநல்லூர் வந்த பிறகுதான் எலுமிச்சம்பழம் வாங்க நிறுத்தச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டிவந்து வேறெங்கோ எலுமிச்சை வாங்குவதை அவள் அவமானமாக நினைப்பவள். அதன் பிறகு மதுரை வரை காதிலிருந்து பஞ்சை அவள் எடுக்கவே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அவளுக்குப் பேருந்து.

கோளாறு என்ஜினில் இல்லை. சக்கரங்களுக்கு நடுவே, அச்சில் இருக்கும் பல்சக்கரங்களில் இருந்தது. கிரவுன், பினியன் என்று ஒரு ஜோடி. சின்னது சுற்றினால் பெரியது சுற்றும், பெரியது சுற்றினால் சக்கரம் சுற்றும். என் ஜீப்பில் சின்னது ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சேற்றிலிருந்து ரப்பர் ஷீட்டோடு மேலேறுவதற்கு அது நல்ல ஏற்பாடு. நான் ஏறிய மேடு குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய எங்கள் தெரு ஒன்றுதான். நாலேகால் சுற்றுக்குச் சக்கரம் ஒன்று சுற்றும்படி வேறு ஜோடி போட்டால், அதே வேகத்துக்கு என்ஜின் குறைவாக ஓடினால் போதும், சத்தமும் அடங்கும்.

எதற்கும் விதிகளைப் பார்த்துவிடுவோம் என்று பார்த்தேன். நிறம், எரிபொருள், இருக்கை என்று பதிவுச் சான்றில் ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு, இந்தப் பற்களுக்கு மட்டும் கிடையாது. ஆனாலும் பழைய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்று, "சார், நீங்களே சொல்லிருங்க, நாங்க அதயே சொல்லிருதோம்" என்றார். இவ்வளவு சீக்கிரமாக அந்த அலுவலகத்தில் ஒரு கோரிக்கை முடிந்து நான் பார்த்ததில்லை.

இலஞ்சி போகிற சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாயிடம் வண்டியை விட்டேன். வளைகுடாவில் பாலைவனத்து வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். எதைக் கேட்டாலும் ஒரு ஷேக்கின் கதையோடுதான் தொடங்குவார்.

"பின்னாடி மட்டும் மாத்துவோம் அண்ணாச்சி. முன்னாடி ஆக்ஸில் சும்மாதான கெடக்கு."

"நாலு வீலும் போட்டா, முன்னது ஒரு கணக்குல இழுக்கும், பின்னது ஒரு கணக்குல இழுக்கும். நடுவுல எதாவது ஒடையும்."

"நீங்க என்னைக்கு நாலு வீல் போட்டிய?"

"போட்டிருக்கேன்."

"இலஞ்சித் தோப்புல ஒங்க மச்சினனுக்குக் காட்டுததுக்குப் போட்டிய. அங்கன சேறுகூட இல்ல. நான் பாத்துட்டுதான இருந்தேன்."

"காட்டுததுக்குப் போட்டாலும் ஒடையும், பாய்."

"ஒங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி கேப்பிய, அந்தப் பழக்கம் போகலியா?" என்றார். ஆனாலும் இரண்டுக்கும் சேர்த்தே பற்கள் வரவழைத்தார்.

பொருள் வந்தபோது ஆனி பிறந்து, சாரலும் வந்துவிட்டது. பற்களில் நீலச் சாயம் தடவி, கையால் சுற்றி, சாயம் எந்த இடத்தில் அழிகிறது என்று பார்க்க வேண்டும். பல்லின் நடுவே அழிந்தால் பொருத்தம் சரி. நானும் பாயும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து, ஜாதகம் பார்ப்பவர்கள்போல வாதாடினோம். அவர் இடைவெளிக்கு ஒரு மெல்லிய தகடு கூட்டச் சொல்வார், நான் குறைக்கச் சொல்வேன். கூட்டியும் குறைத்தும், வண்டி முதலில் எப்படி இருந்ததோ அந்த இடத்துக்கே ஒருமுறை வந்து சேர்ந்தோம். அதன் பிறகு டீ குடித்தோம். டீக்குப் பிறகு சரியாக அமைந்தது.

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு ட்ரையல் என்று பெயர். சித்திரையில் குற்றாலத்துப் பாறை காய்ந்து கிடக்கும்போது ட்ரையல் தெருமுனையோடு முடியும். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால், ஸ்கூட்டிக்கு பிரேக் ஒயர் மாற்றினால்கூட ட்ரையல் ஐந்தருவி வரை போகும். பாய் துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஐந்தருவி ஏற்றத்தில் ஜீப் முன்பு டாப் கியரில் ஏறிய இடத்தில் இப்போது மூன்றாவது கேட்டது. "கேக்கத்தான் செய்யும். குடுத்துட்டுப் போங்க" என்றார். குளித்தோம். குளித்த ஈரத்தோடு, சமதரையில் பார்க்கலாம் என்று சுந்தரபாண்டியபுரம் பக்கம் விட்டோம். சூரியகாந்தி பூத்திருந்தது. பூவைவிட அதிகமாகக் காரிலும் பைக்கிலும் வந்தவர்கள் பூத்திருந்தார்கள். செல்போனைத் தூக்கியபடி நடுச்சாலையில் பின்வாங்கி வந்த ஒருவனைப் பார்த்து, "ஏலே, மக்கா, ரோட்டுலயும் பூவா இருக்கு?" என்று பாய் கேட்டார். அவன் விலகினான்.

அதைத் தாண்டிய நேர்ச்சாலையில் ஊசியை ஐம்பதுக்குக் கொண்டுவந்தேன். சாவிக்கொத்து கிலுகிலுத்தது. அந்த வண்டியில் சாவிக்கொத்துக்குச் சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பாய் ஷேக்கின் கதையைத் தொடங்கினார். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கேட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் எங்களோடு கிளம்பிய பைக்குகள் பின்னால் சின்னதாகிக்கொண்டு போயின.

"மீட்டரு இனிமே பொய் சொல்லும்லா அண்ணாச்சி?" என்றார் பாய்.

எனக்கும் தெரிந்ததுதான். ஊசிக்கு ஓட்டம் போவது கியர்ப்பெட்டிப் பக்கத்திலிருந்து. சக்கரம் முன்பைவிட அதிகமாகச் சுற்றுவது அதற்குத் தெரியாது. ஊசியில் ஐம்பது என்றால் சாலையில் அறுபத்துமூன்று. அதைச் சரிசெய்ய மீட்டர் கேபிளின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் மாற்ற வேண்டும். அது தென்காசியில் இல்லை. வெளியூருக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

அதற்குள் மதுரைப் பயணம் வந்துவிட்டது. வண்டி இப்போது சத்தம் போடவில்லை, ஒருமுறை வந்து பார் என்று அவளிடம் சொன்னேன். அவள் யோசித்தாள்.

"இந்த ஒரு தடவ வாரேன். காதுல பஞ்சு வைக்க வேண்டியிருந்துச்சுன்னா, திரும்பி வந்ததும் வண்டிய வித்துரணும். ஊசி அம்பதத் தாண்டக்கூடாது."

"சரி" என்றேன். ஊசியைப் பற்றிய நிபந்தனைக்கு ஊசியைப் பற்றித்தானே பதில் சொல்ல முடியும்?

காலையில் கிளம்பினோம். ஊசி நாற்பத்தொன்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே அடக்கமாக நின்றது. கைப்பை அவள் மடியில் இருந்தது, பஞ்சு கைப்பையில் இருந்தது. அதன் ஜிப் பக்கம் அவள் கை போகிறதா என்று சாலையைப் பார்த்ததைவிட அதிகம் பார்த்தேன். போகவில்லை. ஆனால் அவள் பேசவும் இல்லை. புளியங்குடி வந்தது, போனது. எலுமிச்சை பற்றி ஒரு சொல் இல்லை. வாசுதேவநல்லூரிலிருந்து சாலையோரக் கிலோமீட்டர் கல்லையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினாள். வண்டி கையை விட்டுப் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். விற்பனைக்கு எந்தப் படிவங்கள் வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம், அதனால் ராஜபாளையம் வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

திருவில்லிபுத்தூரில் டீ குடிக்க நிறுத்தினேன். கண்ணாடித் தம்ளரைக் கையில் வாங்கியதும் கேட்டாள்.

"வண்டி எவ்வளவுல வருது?"

"நீதான் பாத்துட்டே வந்தியே. ஊசி அம்பதத் தாண்டல."

"ஊசியக் கேக்கல. வண்டியக் கேக்குதேன்."

நான் டீயை ஊதினேன்.

"அம்பதுல போனா கல்லுக்குக் கல்லு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகணும்" என்றாள். "ஊருக்குள்ள மெதுவாப் போனத எல்லாம் விட்டுட்டுத்தான் பாத்தேன். ஒரு நிமிஷம் முழுசா ஆக மாட்டேங்குது. ஒண்ணு, ரோட்டுக்காரன் கல்ல நெருக்கி நட்டிருக்கணும். இல்ல, இந்த மீட்டர் பொய் சொல்லணும்."

சின்னப் பல்சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். பாடம் ஒப்பிக்கும் பையனிடம் காட்டும் பொறுமையோடு கேட்டாள்.

"நீ நிபந்தனை போட்டது ஊசிக்குத்தான?" என்று முடித்தேன்.

"பத்தாங் கிளாஸ் பயலுவளும் இப்பிடித்தான் சொல்லுவானுவ. விடை வந்துட்டுல்லா டீச்சர்ம்பானுவ. வழி தப்புன்னா நான் மார்க் போட்டதில்ல." தம்ளரை வைத்துவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். மதுரை வரை ஊசியையும் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. தீர்ப்பும் சொல்லவில்லை.

மகள் வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். கிளம்புவதற்கு முந்தின மாலை மகள் செல்போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நாளைக்குப் பஸ்ஸுல சீட்டுப் போட்டுரவா?"

"பொறு, சொல்லுதேன்" என்றாள் இவள், என்னைப் பார்க்காமல்.

நான் அந்த அறையிலேயே நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு, தேவையைவிடச் சற்று உரக்க, பாயை அழைத்தேன். சின்னப் பல்சக்கரம் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இங்கன வந்துட்டு அண்ணாச்சி. நீங்க வந்ததும் மாட்டிட்டு, அப்பிடியே அருவிக்கு ஒரு ட்ரையல் போயிருவோம்."

"மீட்டருக்கும் அருவிக்கும் என்ன பாய் சம்பந்தம்?"

"மீட்டரு சரியான்னு ஓட்டித்தான பாக்க முடியும்?"

அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"பாய், நானும் வாரேன். நான் கல்லப் பாத்துச் சொல்லுதேன். நீங்க ஊசியப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா மட்டும் குளிக்கப் போவோம்." கொஞ்சம் நிறுத்தி, "இவுக சும்மா ஓட்டட்டும்" என்றாள்.

மகள் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் திருமங்கலம் தாண்டியதும், அவள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஒருவரின் கதையைத் தொடங்கினாள். நான் தூத்துக்குடியில் இருந்த காலத்தில் நடந்தது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி சொல்லியிருக்கிறாள், மீதியைக் கேட்பதற்குள் எனக்குப் பேருந்து வந்திருக்கிறது. எனக்கு அந்தப் பாதியும் நினைவில்லை. முதலிலிருந்து சொன்னாள். ராஜபாளையத்தில் ஒரு கிளைக்கதை பிரிந்து, சிவகிரியில் வந்து சேர்ந்தது. நடுநடுவே நான் சில குறுக்குக் கேள்விகள் கேட்டேன். கத்தாமல் கேட்டேன், கத்தாமல் பதில் சொன்னாள்.

புளியங்குடி எல்லையில் கதை முடியவில்லை. ஆனால் அவளே அதை நிறுத்தினாள். வீட்டில் அடுக்களையிலிருந்து கூடத்துக்குச் சொல்கிற குரலில்,

"எலுமிச்சம்பழம்" என்றாள்.

நிறுத்தினேன்.