ஹாரனுக்கும் வாசலுக்கும் நடுவே

சைரன் என்பது ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வையாளரான அவளுக்கு வைத்திருந்த பெயர். வைத்ததில் தப்பே இல்லை. அவளுடைய பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் இரண்டு தெரு தள்ளி வரும்போதே ஊரைக் கூட்டிவிடும். அது கேட்டதும் போர்வை மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து அதே போர்வையை மடிக்க ஆரம்பிப்பார். மேற்பார்வையாளர் உள்ளே நுழையும்போது ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் உழைத்துக்கொண்டிருப்பார்கள். தன் கீழே வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் உத்தமர்கள் என்று பதினெட்டு வருடமாக நம்பியிருந்தாள், பாவம்.

ஒரு நாள் அந்த வண்டி நடுரோட்டில் உயிரை விட்டது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினாள். அதற்குச் சத்தம் என்பதே கிடையாது.

முதல் நாள் அதில் வேலைக்குப் போனாள். உள்ளே இஸ்திரி போடுகிற பெண் தலையில் ஹெல்மெட்டாக ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். "இது மடிப்பா, இல்ல நாய் படுத்து எழுந்த இடமா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வசனம் சைரனுடையது. குரலும் அச்சு அசல். முதலில் ஒருத்தர் வாயை மூடினார், பிறகு எல்லோரும். வாளிக்காரி அவசரத்தில் இழுக்க, வாளி காதில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

"சார்ஜ் போட பிளக் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள் சைரன். சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் அவளைத் தவிர இரண்டே பேர்: பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கணவர், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்படும் மகள். வாசலில் இறங்கும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். கதவைத் திறந்தால், கணவர் மேஜைமேல் கால் நீட்டி வாணலியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சைரனைப் பார்த்ததும் அவர் கையில் துடைக்கும் துணி வந்தது, மகள் கையில் புத்தகம் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள். அந்த வேகம் ஒரே நாளில் பழகியதில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"ஏன் சிரிப்ப நிறுத்திட்டீங்க?"

"சும்மாதான்மா," என்றாள் மகள்.

அது வலித்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சிரித்தது வேறு, இது வேறு. என் வீட்டுச் சிரிப்பு எனக்கு மட்டும் கிடையாதா என்று அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அடுத்த வாரம் இன்னும் மோசம். எந்த நேரத்தில் வந்து நிற்பாளோ என்று கணவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஜன்னலை எட்டிப் பார்த்தார். மகள் நிஜமாகவே படிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் வந்து வாசலில் காதை வைத்தாலும் உள்ளே மூச்சுச் சத்தம்தான். கையும் களவுமாகப் பிடிக்கப் போய், வீட்டில் சிரிப்பையே ஒழித்துக்கட்டிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாள் தெருமுனையில், சலூன் வாசலில் நிறுத்தி ஹாரனை நீளமாக அழுத்தினாள்.

சலூன்காரர் கத்திரியோடு வெளியே வந்தார். "ரோட்டுல ஒரு ஈ காக்கா கூட இல்லையே. யாருக்குங்க ஹாரன்?"

"வீட்டுக்கு."

அடித்ததும் நேராக வீட்டுக்குப் போய்விட்டால் அவர்களுக்கு வாணலியை ஒளிக்கக்கூட நேரம் இருக்காது. அதனால் ஏரிக்கரைப் பாதையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். வீட்டை நெருங்கும்போது சிரிப்பு கேட்டது. உள்ளே போனதும் நின்றது. போகட்டும், இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

நாள் போகப் போக ஒரு சுற்று இரண்டானது, இரண்டு நான்கானது. இன்ஜின் சத்தம் இல்லாததால் காற்று கேட்டது, நாரை கேட்டது, பிறகு அவள் குரலே கேட்டது. பாட ஆரம்பித்தாள். சுருதி பக்கத்தில்கூட வரவில்லை. கால்களை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

காட்டிக்கொடுத்தது பேட்டரி.

"ஆஸ்பத்திரி அஞ்சு கிலோமீட்டர்தானே? சார்ஜ் எப்படி இவ்ளோ குறையுது?" என்றார் கணவர். "நாளைக்குக் கடையில காட்டிடுறேன்."

"அதெல்லாம் வேணாம், பேட்டரி நல்லாதான் இருக்கு," என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஹாரன் கேட்டதும் அப்பாவும் மகளும் வாணலியைத் தொடவில்லை. தெருமுனைக்கு ஓடினார்கள். சலூன்காரர் கத்திரியாலேயே ஏரிப் பக்கம் காட்டினார்.

சைரன் மூன்றாவது சுற்றில், இரண்டு காலையும் விரித்து, உச்சஸ்தாயியில் ஒரு காதல் பாட்டைக் கொலை செய்துகொண்டு திருப்பத்தில் வந்தாள். பாதை நடுவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பாட்டு அறுந்தது. கால்கள் உள்ளே வந்தன, முதுகு நிமிர்ந்தது, முகத்தில் மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்தார். கண் மூடித் திறப்பதற்குள்.

மகள் கிட்டே வந்தாள். "ஏம்மா பாட்ட நிறுத்திட்ட?"

"சும்மாதான்," என்றாள் சைரன். சொன்ன பிறகுதான் யாருடைய பதில் அது என்று தெரிந்தது. மகளுக்கும் தெரிந்திருந்தது. முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை.

மகள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "எனக்கு இடம்?" என்றார் கணவர்.

"நீங்க நடந்து வாங்க. நாங்க போய் வாணலிய காலி பண்ணினதும் ஹாரன் அடிக்கிறேன்."