பாதி ஜெபம் எங்களுக்கு, பாதி அவர்களுக்கு

எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வேறெங்கும் வேலை கிடைக்காவிட்டாலும் பங்குக் கோயிலில் கிடைக்கும். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, நன்றி என்பதும் அநேகமாகக் கிடையாது. பீடத்துக்குப் பூ வைத்தவர்கள், தோரணத்துக்குக் கலர் காகிதம் வெட்டிக் கையெல்லாம் சாயமானவர்கள், கோயிலைப் பெருக்கி நிமிரும்போது "அந்த மூலையை விட்டுட்டியே" என்று பேச்சு வாங்கியவர்கள், நீங்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்தது

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. சாமியார் வேறு ஊரில் இருப்பவர். மாதத்தில் இரண்டு ஞாயிறு சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, ஜெபம் நடத்துவது, சண்டை தீர்ப்பது, சண்டை ஆரம்பிப்பது எல்லாம் உபதேசியார்தான்.

பரீட்சை முடிவு வந்த கையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்க வந்தார் என்று நினைத்து அம்மா அழ ஆரம்பித்தாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "பொண்ணு சும்மாதானே கீது? அதுக்குத் தொண்டை பெருசு. சனிக்கிழமை ஜெபமாலைக்கு முன்னால நின்னு சொல்லட்டும்" என்றார். பள்ளிக்கூடத்தில் எந்தத் தொண்டைக்காகப் பெஞ்சு மேல் நின்றேனோ அதே தொண்டைக்கு இங்கே உத்தியோகம். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சந்தேகம். நான் கோட்டைவிட்டது கணக்கில். ஜெபமாலையோ ஐம்பத்துமூன்று மணி. எங்கேயாவது எண்ணிக்கை தப்பிவிட்டால்?

உபதேசியார் சொன்னார்: "கணக்கை மணி பாத்துக்கும். இவ வாயைத் தொறந்தா போதும்."

பாதி பாதி

எங்கள் கோயில் ஜெபமாலையை நீங்கள் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஊரில் பயிர் வைக்கிற எங்கள் குடும்பங்கள் தமிழ். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் குண்டூர், நெல்லூர் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து தங்கிவிட்ட தெலுங்குக்காரர்கள். கோயில் கட்டின காலத்து சாமியார் யாரோ ஒருவர் ஒரு ஏற்பாடு செய்துவைத்துவிட்டுப் போனார். பிரியதத்த மந்திரத்தின் முதல் பாதியை, மாதாவை வாழ்த்துகிற பாதியை, நாங்கள் தமிழில் சொல்ல வேண்டும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிற பின்பாதியை அவர்கள் தெலுங்கில் சொல்ல வேண்டும். மணிக்கு மணி இப்படியே. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான். பின்பாதி தமிழில் எப்படிப் போகும் என்று ஞானோபதேசத்தில் படித்ததுண்டு. ஆனால் படித்தது வேறு, வாயில் வருவது வேறு. "யேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்றதும் எங்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பக்கத்திலிருந்து "பரிசுத்த மரியம்மா" என்று எழும்பும்.

அந்தப் பக்கம் முன்னால் நின்று சொல்பவள் சௌரம்மா. பாயிண்ட்ஸ்மேன் மகள், என் வயசு. நான் தவறின பரீட்சைக்கு அவள் போகவே இல்லை. அதனால் என்னைவிடக் கெட்டிக்காரி. மாதா சுரூபத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் வேகமாகச் சொன்னால் அவள் வேண்டுமென்றே இழுப்பாள். முட்டி வலிக்க வலிக்க முறைத்துக்கொள்வோம். அப்புறம் சேர்ந்தே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்போம்.

ஒரு நாள் கேட்டேன், உங்கள் பாதி சின்னதாக இருக்கிறதே, சௌகரியம்தானே என்று. அவள் உடனே சொன்னாள்: "ஏமே பிலோமி, நீங்க அந்தம்மாவைப் புகழ்ந்துட்டு நல்ல பேரோட ஒதுங்கிக்கிறீங்க. கையேந்துற வேலை மட்டும் எங்க தலையில."

பால் பவுடர் வரிசை

ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு, எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று பேச்சு ஆரம்பித்தது. எங்கள் ஊரில் டீக்கடைப் பலகை முதல் மைல் கல் வரைக்கும் தார் பூசினார்கள். இந்தப் பக்கத்து எழுத்தை அவர்கள் அழித்தார்கள். அந்தப் பக்கத்து எழுத்தை இவர்கள் அழித்தார்கள். கடைசியில் புத்தூருக்கு வழி எது என்று ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அந்தத் தார் கோயிலுக்குள்ளும் வந்தது. தர்மத்துக்கு வரும் பால் பவுடரைக் காய்ச்சி ஊற்றுவது சௌரம்மாவும் நானும். மதம் பார்க்காமல் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வரும். அதுவரை ஒரே வரிசை. ஒரு நாள் உபதேசியார் வந்து கயிறு கட்டி இரண்டு வரிசை ஆக்கினார். தமிழ் இந்தப் பக்கம், தெலுங்கு அந்தப் பக்கம். பால் மட்டும் ஒரே அண்டா. வண்ணாரத் தெரு லட்சுமியம்மா, கோயிலுக்கு வராதவள், மாரியம்மன் கூழுக்கும் எங்கள் பாலுக்கும் தவறாதவள், இரண்டு வரிசைக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எந்தப் பக்கம் என்று உபதேசியார் அதட்டினார்.

"எனக்கு ரெண்டும் வரும் சாமி. அப்போ ரெண்டு டம்ளரா ஊத்துவீங்க?" என்றாள்.

ஜீப்

திருவிழாவுக்கு முன் ஒரு சேதி பரவியது. எந்த ஊரில் எந்த பாஷை என்று விசாரிக்க ஜீப்பில் ஆபீசர் வருகிறார். தேர் அன்றைக்கே வருகிறார். உபதேசியாருக்குத் தூக்கம் போயிற்று. தேருக்கு முன்னால் பாதி ஜெபம் தெலுங்கில் கேட்டால் ஆபீசர் என்ன எழுதிக்கொள்வார்? "இந்த வருஷம் முழுசும் தமிழ்ல. ஆம்பளைங்க முதல் பாதி, பொம்பளைங்க பின்பாதி" என்றார். நைனா மட்டும், "அவுங்க எங்க போவாங்க?" என்று கேட்டார். உபதேசியார் அதற்குள் ஆண்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். குவார்ட்டர்ஸ்காரர்கள் விஷயம் தெரிந்து, தாங்களும் முழுசும் தெலுங்கில் சொல்வதாக அறிவித்துவிட்டார்கள்.

தேர் கிளம்பியது. முன்னால் நாங்கள், பின்னால் அவர்கள். எங்கள் பெண்கள் பின்பாதிக்கு வந்ததும் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டார்கள். நான் ஒருத்தியே தொண்டை கிழியச் சொன்னேன். பின்னால் தெலுங்குக் கூட்டத்திலோ, முதல் பாதி யாருக்கும் ஓடாமல் சௌரம்மாவின் ஒற்றைக் குரல். எதிரும் புதிருமாக இரண்டு பெண்கள் மாதாவிடம் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. நடுவில் தேர் மேல் மாதா ஒருத்திதான் அமைதியாக இருந்தாள்.

ஜீப் நிஜமாகவே வந்தது. காக்கிக் கால்சட்டை ஆபீசர் இறங்கினார். உபதேசியார் மாலையோடு ஓடினார். நான் எல்லா பலத்தையும் சேர்த்து ஒரு பிரியதத்தம் சொன்னேன். ஆபீசர் காதைப் பொத்திக்கொண்டு மாலையை வாங்கினார். வந்தவர் மலேரியா ஆபீசர்.

"ஜெபம் முடிஞ்சதும் சொல்லியனுப்புங்க. கோயிலுக்குள்ளயும் மருந்து அடிக்கணும், ஊர் முழுக்கக் கொசு" என்றார்.

தனித்தனி

அன்றோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் அறிவு. ஒரு தடவை பிரிந்தால் பிரிந்ததுதான். சனிக்கிழமை எங்களுக்கு, வெள்ளிக்கிழமை அவர்களுக்கு என்று கோயிலைப் பங்கு போட்டார்கள். பால் காய்ச்ச சௌரம்மாவை அவள் அப்பா அனுப்பவில்லை. என் அம்மாவும் குவார்ட்டர்ஸ் பக்கம் போகாதே என்றாள். குழாயடியில் பார்த்தால் பேசிக்கொள்வோம். குடம் நிரம்புகிற வரைக்கும்தான் பேச்சு. நாங்கள் சின்னக் குடமாக வாங்கியதற்கு அப்போது வருத்தப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜெபம் எப்படிப் போகிறது என்று ஒரு நாள் அவளைக் கேட்டேன். "முதல் பாதிக்கு எல்லாரும் நீ நிக்கிற இடத்தைத் திரும்பிப் பாக்குறாங்க. அங்கே துடைப்பம் சாத்தி இருக்கு" என்றாள். எனக்கும் அதே கதை. சின்னப் பிள்ளைகளுக்குப் பின்பாதியை ஞாயிறுதோறும் சொல்லித் தருகிறேன் என்றார் உபதேசியார். ஒரு ஞாயிறு நடந்தது. அப்புறம் எல்லைக் கூட்டத்துக்குத் திருத்தணி போக ஆரம்பித்தார்.

சாமியாருக்கு விஷயம் தெரிந்தது. அவர் மங்களூர்ப் பக்கத்துக்காரர், இரண்டு பாஷையையும் சமமாகக் கொல்வார். சேர்ந்து சொல்லுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது என்னிடம் சொன்னார்: "நல்லவேளை, பூசை லத்தீன். இல்லாட்டி என்னையும் நடுவுல அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்திருப்பீங்க."

உபதேசியார் வீடு

கடைசியில் எல்லைக் கோட்டை எங்கேயோ போட்டார்கள். திருத்தணி மதராஸ் பக்கம் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். எங்கள் ஜெபத்தை யாரும் விசாரிக்கவே இல்லை. உபதேசியார் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார். சில மாதத்தில் காமாலை வந்து படுத்தார். கீழாநெல்லி கொடுத்தார்கள், சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் காலையில் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். மூச்சு நிற்கும்வரை ஜெபமாலை சொல்ல வேண்டும்.

அறை நிறைய எங்கள் ஆட்கள். நான் முதல் பாதியைச் சொன்னேன். நின்றேன். அறையும் நின்றது. ஒருத்தர் "அர்ச்சியசிஷ்ட" என்று தமிழில் ஆரம்பித்தார், இன்னொருத்தர் கேட்ட பழக்கத்தில் தெலுங்கில் "பரிசுத்த" என்றார், மூன்றாமவர் ஆமென் என்று முடித்தே விட்டார். "எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று வருகிற பாதி அது. சாகிற மனுஷனுக்கு அந்தப் பாதிதான் வேண்டும். அதைத்தான் எங்களால் சேர்ந்து சொல்ல முடியவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடி அதே சந்தைக்கடை.

உபதேசியார் கண்ணைத் திறந்தார். மஞ்சள் கண். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கேம்மா அவுங்க?" என்றார். யாரைக் கேட்கிறீர்கள் என்று அவர் சம்சாரம் குனிந்து கேட்டாள்.

"பதில் சொல்றவங்க" என்றார்.

குவார்ட்டர்ஸ் ரோடு

ஓடினேன். யாரிடமும் கேட்கவில்லை. சௌரம்மா மாவுக் கையோடு இருந்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். அவள் அம்மாவும், பக்கத்து வீட்டுப் பெண்களும் ஒரு வார்த்தை கேட்காமல் கூடவே கிளம்பினார்கள். கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கினே இருந்தது. இவ்வளவு நீளமான வண்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டி போன பிறகு தெருமுனைக்கு வந்தோம். உள்ளேயிருந்து ஒப்பாரி கேட்டது.

எல்லாரும் நின்றுவிட்டோம். மாவு காய்ந்து சௌரம்மாவின் விரல்கள் வெள்ளையாக இருந்தன. அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள்.

"நேத்து வந்து கூப்புட்டிருக்கக் கூடாதா? தெருவில எங்க வீடு தெரியாதா உங்களுக்கு?" என்றாள்.

கல்லறைத் தோட்டம்

அடக்கத்துக்கு இரண்டு பக்கமும் வந்தது. குழிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் பாதி சொன்னதும் அந்தப் பக்கம் மீதிப் பாதி எழும்பியது பாருங்கள்! ஜெபமாலையில் ஒரு மணிகூடத் தவறவில்லை. நைனா மண் அள்ளிப் போட்டுக்கினே அழுதார். இனி சனிக்கிழமை எல்லாரும் ஒன்றாகத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்தில் யார் நிற்பது, எவ்வளவு இழுப்பது என்று சௌரம்மாவிடம் ஜாடையில் சண்டைகூட ஆரம்பித்துவிட்டேன்.

வெளியே வாசலில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சாவுக்கு மட்டும் சேர்ந்து சொல்லிக்கொள்வது, மற்றதெல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று தீர்மானம். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து ஏன் என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். சௌரம்மாவின் அப்பாதான் பதில் சொன்னார், ரொம்பப் பிரியமாக.

"இப்பவே சேர்ந்துட்டா, அப்போ எதுக்குடா பிரிஞ்சீங்கன்னு பசங்க கேப்பாங்க தல்லி. நாங்க ரெண்டு பக்கமும் என்ன சொல்றது?"

ஆகவே, கோயில் வேலை பார்க்கும் என் சகோதர சகோதரிகளே, எங்கள் பங்கில் ஒரு ஜெபமாலையை முழுசாகக் கேட்க ஆசைப்பட்டால் முதலில் யாராவது ஒருத்தர் செத்துத் தொலைய வேண்டும்.